வகுப்பறைக்கு வெளியே கிடைக்கும் ஆதரவு ஒரு மாணவரின் கல்வியை எவ்வளவு தீர்மானிக்கிறது?

ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியரிடம், ஒரே பாடநூலைப் படிக்கும் இருவரில் ஒருவர் படிப்படியாக முன்னேற, மற்றவர் பாதியில் நின்றுவிடுவது ஏன்? குடும்பம், உடல்நலம், பணம், வழிகாட்டுதல் போன்ற வெளிக்காரணங்களுக்கு அதில் எவ்வளவு பங்கு இருக்கிறது? ஆட்களும் நிதியும் குறைவாக உள்ள ஒரு பள்ளியோ கல்லூரியோ இவற்றில் எதை முதலில் கவனிக்க வேண்டும்? இவையே நீங்கள் கேட்டிருப்பவை.

சுருக்கமான பதில், பங்கு மிகப் பெரியது என்பதே. ஆனால் ஆதரவு என்ற பெயரில் நடப்பவை எல்லாம் ஆதரவு ஆகிவிடுவதில்லை. மாணவரின் தோளிலிருந்து ஒரு வேலையையோ ஒரு செலவையோ ஒரு தடையையோ மெய்யாகவே இறக்கி வைக்கும் ஏற்பாடுகள் பலன் தருகின்றன. இன்னதைச் செய்தால் நல்லது என்று சொல்லிவிட்டு, செய்து முடிக்கும் பாரத்தை அவரிடமே விட்டுவிடும் ஏற்பாடுகள் பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிடுகின்றன. கடந்த அறுபது ஆண்டுகளில் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை வரிசையாகப் பார்த்தால் இந்த வேறுபாடு திரும்பத் திரும்பத் தென்படுகிறது.

முதலில் ஒரு எளிய கணக்கு. பள்ளி ஆண்டை 200 நாள் என்றும், ஒரு நாளுக்கு 6 மணி நேரம் என்றும் கொண்டால், மாணவர் ஆண்டுக்கு 1,200 மணி நேரம் பள்ளியில் இருக்கிறார். ஓர் ஆண்டில் உள்ள மணி நேரம் 8,760. தூங்கும் நேரத்தைக் கழித்துவிட்டு, விழித்திருக்கும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும், பள்ளியின் பங்கு ஐந்தில் ஒன்றைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மீதி நேரத்தில் நடப்பது படிப்பைத் தொடாமல் இருக்கும் என்று எதிர்பார்ப்பதே விந்தை.

இதைப் பெரிய அளவில் முதன்முதலாக எண்களில் காட்டியது, 1966-இல் அமெரிக்காவில் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மேன் தலைமையில் வெளிவந்த அறிக்கை. சுமார் 6 லட்சம் மாணவர்களையும் ஆயிரக்கணக்கான பள்ளிகளையும் உள்ளடக்கிய அந்த ஆய்வு, மதிப்பெண்களில் காணப்படும் வேறுபாட்டைப் பள்ளிகளின் கட்டடம், ஆய்வுக்கூடம், செலவு ஆகியவற்றைவிட, மாணவரின் குடும்பப் பின்னணியும் உடன் படிப்போரின் பின்னணியுமே அதிகம் விளக்குகின்றன என்று கூறியது. பள்ளியால் எதுவும் ஆகாது என்று அதைப் பலர் படித்துக்கொண்டது தவறான வாசிப்பு. ஆசிரியரின் தரம் முக்கியம் என்பதையும், அது வசதி குறைந்த மாணவர்களுக்கே கூடுதலாக முக்கியம் என்பதையும் அதே அறிக்கை குறிப்பிட்டிருந்தது. பள்ளி தருவதை ஒரு மாணவர் பெற்றுக்கொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்பதை வெளியுலகம் பெருமளவு தீர்மானிக்கிறது என்று சொல்வதே அதற்குப் பொருத்தமான வாசிப்பு.

பெற்றுக்கொள்ளும் நிலை என்பது மிகச் சாதாரணமான ஓர் இடத்தில், அதாவது உடலில், தொடங்குகிறது. நான்காம் வகுப்பில் மூன்றாவது வரிசையில் ஒரு சிறுமி உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் எழுதியிருப்பதைப் பார்க்காமல், பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்தே எழுதுகிறாள். 6 என்று இருப்பதை 8 என்று எழுதிக் கணக்கைத் தவறாகப் போடுகிறாள். வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோகிறாள். காப்பியடிக்கிறாள், கவனம் இல்லை, கணக்கு வராது என்று மூன்று முடிவுகள் அவளைப் பற்றி எடுக்கப்பட்டுவிடும். அவளுக்குத் தொலைவில் உள்ளது தெளிவாகத் தெரியாத கிட்டப்பார்வைக் குறைபாடு இருக்கிறது என்ற நான்காவது முடிவுக்கு வர ஒரு பார்வைப் பரிசோதனை அட்டையும் பத்து நிமிடமும் போதும். அவளாகவே வந்து சொல்ல மாட்டாள். எல்லோருக்கும் பலகை அப்படித்தான் மங்கலாகத் தெரிகிறது என்றே அவள் நினைத்துக்கொண்டிருப்பாள்.

சீனாவின் கான்சு, ஷான்சி மாகாணங்களில் 252 தொடக்கப்பள்ளிகளில் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கவனமாகச் சோதித்தது. பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைகள் படித்த பள்ளிகள் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரிக்கப்பட்டன. முதல் பிரிவில் கண்ணாடிக்கான மருத்துவச் சீட்டு மட்டும் கொடுக்கப்பட்டது. இரண்டாவது பிரிவில் கண்ணாடியை இலவசமாகப் பெற்றுக்கொள்வதற்கான சீட்டு கொடுக்கப்பட்டது. மூன்றாவது பிரிவில் கண்ணாடியே பள்ளிக்கு வந்து சேர்ந்தது. கண்ணாடியே கைக்குக் கிடைத்த பிள்ளைகளின் கணித மதிப்பெண்கள், மருத்துவச் சீட்டு மட்டும் பெற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தன. கொடுத்த கண்ணாடியை எல்லோரும் ஒழுங்காகப் போட்டுக்கொள்ளவில்லை என்ற நிலையிலும் இந்த உயர்வு காணப்பட்டது. மருத்துவச் சீட்டு கிடைத்த குடும்பத்துக்கு, பிள்ளைக்குக் கண்ணாடி வேண்டும் என்ற செய்தி ஏற்கெனவே கிடைத்துவிட்டது. கடைக்குப் போகும் நாள், அதற்கான பணம், சின்ன வயதில் கண்ணாடி போட்டால் கண் கெட்டுவிடும் என்ற அச்சம் ஆகியவற்றைக் கடப்பது அவர்கள் பொறுப்பாகவே இருந்தது.

உடல்நலத்தைப் பற்றிப் பேசும்போது எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. கென்யாவின் மேற்குப் பகுதியில் 1998 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்புழு நீக்க மருந்து கொடுக்கப்பட்டது. எட்வர்ட் மிகேலும் மைக்கேல் கிரெமரும் 2004-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பள்ளிக்கு வராமல் இருப்பது ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. ஆனால் தேர்வு மதிப்பெண்ணில் உயர்வு தென்படவில்லை. பின்னாளில் அந்தத் தரவுகளை மறுபடி ஆராய்ந்தவர்களிடையே வருகைப்பதிவு பற்றிய முடிவிலும் விவாதம் எழுந்தது. பிள்ளையை வகுப்பறை வாசல்வரை கொண்டுவந்து விடுவது வெளி ஆதரவால் முடியும். உள்ளே கற்பித்தல் சரியாக இல்லையென்றால் வந்து உட்கார்ந்ததால் மட்டும் கல்வி சேர்ந்துவிடாது. தூக்கமும் இந்த வரிசையில் சேரும். வளரிளம் பருவத்தினருக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. 2016-இல் சியாட்டில் நகரம் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை ஏறத்தாழ ஒரு மணி நேரம் தள்ளிவைத்தபோது, மாணவர்கள் அந்த நேரத்தைக் கூடுதலாக விழித்திருந்து வீணாக்கிவிடவில்லை. வரிசையின் நடுவில் இருக்கும் மாணவரைக் கொண்டு கணக்கிட்டால், 34 நிமிடம் அதிகமாகத் தூங்கினார்கள்.

அடுத்தது தூரம். படிப்பை நிறுத்திய மாணவரிடம் காரணம் கேட்டால் ஆர்வம் இல்லை என்று பதில் வரும். அந்த ஆர்வமின்மையைக் கிளறிப் பார்த்தால், பள்ளிக்குப் போகும் வழியே பலமுறை காரணமாக நிற்கும். பீகார் அரசு 2006-இல், ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்கு மிதிவண்டி வாங்கப் பணம் கொடுக்கத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் செய்த ஆய்வில், உரிய வயதில் உயர்நிலைக் கல்வியில் சேரும் மாணவியரின் எண்ணிக்கை இதனால் 32 சதவீதம் உயர்ந்தது என்றும், ஆண், பெண் சேர்க்கைக்கு இடையிலான இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்றும் தெரியவந்தது. உயர்வின் பெரும்பகுதி, பள்ளியிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் காணப்பட்டது. பெண் கல்வியின் அவசியம் பற்றி அந்த ஊர்களில் யாரும் அறியாமல் இருந்திருக்க மாட்டார்கள். அறிந்தவர்களுக்கும் தூரம் தூரமாகவே இருந்தது.

கண்ணாடி, மிதிவண்டி போன்றவை கண்ணுக்குத் தெரியும் பொருள்கள் என்பதால் அவற்றின் அவசியம் எளிதில் புரிந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத சுமைகள்தான் உயர்கல்வியின் வாசலில் அதிகம் பேரை மடக்குகின்றன. அவற்றுள் முதலாவது விண்ணப்பப் படிவம்.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் ஒருவர் உதவித்தொகைக்கான விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பும்போது அருகில் இருந்து கவனித்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது விளங்கும். பெயர், பிறந்த தேதி, முகவரி வரை விரல் ஓடும். பெற்றோரின் ஆண்டு வருமானம் என்ற கட்டம் வந்ததும் நின்றுவிடும். தந்தைக்கு மாதச் சம்பளம் கிடையாது. வேலை கிடைத்த நாளில் கூலி. எந்தத் தொகையை எழுதுவது? அதிகம் எழுதினால் உதவித்தொகை கிடைக்காமல் போகுமோ, குறைத்து எழுதினால் பொய் சொன்னதாகிவிடுமோ என்று இரண்டு பக்கமும் பயம். வருமானச் சான்றிதழைப் பதிவேற்றச் சொல்கிறது. சான்றிதழில் உள்ள பெயரின் முதலெழுத்து பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகவில்லை. இருபது நிமிடம் கழித்துத் திரையில் நேரம் முடிந்துவிட்டது என்று வருகிறது. நிரப்பியவை எல்லாம் அழிந்துவிட்டன. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து போகிறவர்களில் எத்தனை பேர் கடைசி நாளுக்குள் திரும்பி வருகிறார்கள் என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் பணிபுரிகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். படித்த பெற்றோர் உள்ள வீட்டில் இதே படிவம் ஒரு மாலை நேர வேலை. மாணவரின் அறிவுக்கும் உழைப்புக்கும் சம்பந்தமே இல்லாத இந்த இடத்தில் அவருடைய கல்வி வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

அமெரிக்காவில் 2008-இல் நான்கு பொருளாதார ஆய்வாளர்கள் இதே இடத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து தரும் அலுவலகத்துக்கு வரும் குறைந்த வருமானக் குடும்பங்களில் ஒரு பிரிவினருக்கு, வரிக் கணக்கில் இருக்கும் விவரங்களைக் கொண்டே கல்வி உதவிக்கான அரசு விண்ணப்பத்தையும் அங்கேயே, அப்போதே நிரப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு, உங்களுக்கு இவ்வளவு உதவி கிடைக்கும் என்ற கணக்கையும் அருகிலுள்ள கல்லூரிகளின் விவரத்தையும் அச்சிட்டுக் கொடுத்து, விண்ணப்பிக்கும்படி ஊக்கப்படுத்தினார்கள். மூன்றாவது பிரிவுக்கு இந்த இரண்டு உதவிகளும் கிடைக்கவில்லை. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த குடும்பங்களைச் சேர்ந்த பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களில், அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்து முடித்தவர்களின் பங்கு 28 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தது. விவரம் மட்டும் கொடுக்கப்பட்ட பிரிவில் எந்த மாற்றமும் இல்லை. உதவித் திட்டங்களைப் பற்றி விழிப்புணர்வு முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள் இந்த ஒரு முடிவையாவது படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இதே பாடம் குறுஞ்செய்தி வடிவிலும் கிடைத்தது. கல்லூரியில் இடம் கிடைத்த பிறகும், பள்ளி முடிந்து கல்லூரி தொடங்கும் இடைவெளியில் கட்டணம், விடுதி, மருத்துவச் சான்று போன்ற காரியங்களில் சிக்கிச் சேராமலே போகும் மாணவர்கள் உண்டு. இவர்களுக்கு நினைவூட்டல் குறுஞ்செய்தி அனுப்பிய சிறிய முயற்சிகள் சில நல்ல பலன் தந்தன. பின்னர் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கத் தூண்டும் குறுஞ்செய்திகளை இதே முறையில் பெரிய அளவில் அனுப்பிப் பார்த்தார்கள். 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் செய்து பார்த்து 2021-இல் வெளியிட்ட முடிவில் பலன் ஏறக்குறைய சுழியம். சிறிய முயற்சிகளில் செய்திக்குப் பின்னால் மாணவருக்குத் தெரிந்த பள்ளியோ, பதில் எழுதினால் எடுத்துப் பேசும் ஓர் ஆலோசகரோ இருந்தார். பெரிய முயற்சியில் முகம் தெரியாத ஓர் அமைப்பின் அறிவுரை மட்டும் போய்ச் சேர்ந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இப்படி விளக்குவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கல்லூரி அளவில் நான் அதிகம் நம்பும் சான்று நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய ஒரு திட்டம். அங்குள்ள இரண்டாண்டுக் கல்லூரிகளில் சேரும் மாணவர்களில் பெரும்பாலோர் குறித்த காலத்தில் பட்டம் பெறாமலே விலகிவிடுவது வழக்கமாக இருந்தது. முழுநேரம் படிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, கட்டணத்தில் விடுபடும் தொகை, பாடநூல், பொதுப் போக்குவரத்துக்கான பயண அட்டை ஆகியவற்றையும், அடிக்கடி கட்டாயமாகச் சந்திக்க வேண்டிய ஓர் ஆலோசகரையும் திட்டம் கொடுத்தது. பிற மாணவர்களைக் கவனிக்கும் ஆலோசகருக்குப் பல நூறு பேர் பொறுப்பாக இருக்க, இந்தத் திட்டத்தின் ஆலோசகர்களிடம் மிகச் சிறிய எண்ணிக்கையே ஒப்படைக்கப்பட்டது. குலுக்கல் முறையில் நடந்த மதிப்பீட்டில், மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் ஒப்பீட்டுப் பிரிவில் 22 சதவீதம், திட்டத்தில் 40 சதவீதம். பின்னர் ஒஹாயோ மாநிலத்தில் மூன்று கல்லூரிகளில் இதையே நடத்தியபோதும் பட்டம் பெற்றோரின் பங்கு ஏறத்தாழ இரட்டிப்பானது. தலைக்கு ஆகும் செலவு கூடியது உண்மைதான். ஆனால் பட்டம் பெற்றவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைந்தது.

அந்தத் திட்டத்தின் எந்தப் பகுதி பலன் தந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். இருந்தாலும் பயண அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதாமாதம் அந்த அட்டையைப் பெற்றுக்கொள்வது, திட்டத்தில் பங்கெடுப்பதோடு இணைக்கப்பட்டிருந்தது. சிக்கல் வந்த பிறகு ஆலோசகரைத் தேடிப் போகும் துணிவு எல்லா மாணவர்களுக்கும் இருப்பதில்லை. இங்கே போனால் தவறாக நினைப்பார்களோ என்ற கூச்சத்துக்கே இடம் இல்லாமல், போவது அன்றாட வாடிக்கையாகிவிட்டது. டொரண்டோ நகரின் ரீஜன்ட் பார்க் என்ற வறிய குடியிருப்பில் 2001-இல் தொடங்கிய இன்னொரு திட்டமும் இதே முறையில் அமைந்தது. மாலை நேரப் பயிற்சி, வழிகாட்டி, பள்ளி செல்லப் பேருந்துச் சீட்டு, பிற்பாடு உயர்கல்விக்கென எடுத்துக்கொள்ளச் சேர்ந்துகொண்டே வரும் தொகை ஆகியவை ஒரே இடத்தில் கிடைத்தன. அந்தக் குடியிருப்பில் பள்ளிப் படிப்பை முடிப்பவர்களின் பங்கு ஏறத்தாழ 15 சதவீதப் புள்ளிகள் உயர்ந்ததாக 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு சிக்கலைத் தீர்த்தால் அடுத்த சிக்கல் வழிமறிக்கும் வாழ்க்கையில், உதவிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒவ்வோர் அலுவலகத்தில் வைப்பது மாணவரையே அலைய விடுவதாகும்.

பெற்றோரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதில் பொதுவான நம்பிக்கைக்கும் ஆய்வுகளுக்கும் இடையே இடைவெளி உண்டு. பெற்றோர் வீட்டுப்பாடத்தில் உதவுவது, கூட்டங்களுக்கு வருவது, ஆசிரியரைச் சந்திப்பது என 60-க்கும் மேற்பட்ட வகைப் பங்கேற்புகளை அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்து, கீத் ராபின்சனும் ஏஞ்சல் ஹாரிஸும் 2014-இல் வெளியிட்ட முடிவில், அவற்றுள் பெரும்பாலானவை மதிப்பெண் உயர்வோடு தொடர்பு கொண்டிருக்கவில்லை. வீட்டுப்பாடத்தில் பெற்றோர் அடிக்கடி உதவிய பிள்ளைகள் சிலசமயம் குறைவாகவே எடுத்திருந்தார்கள். பின்தங்கும் பிள்ளைக்குத்தான் பெற்றோர் அதிகம் உதவ உட்காருவார்கள் என்பதையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். உதவியதால் மதிப்பெண் குறைந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு இந்த முடிவு ஆறுதலான செய்தி. பாடம் சொல்லித் தர முடியவில்லையே என்று அவர்கள் குன்றிப்போக வேண்டியதில்லை. பிள்ளையால் மேலே படிக்க முடியும் என்ற எதிர்பார்ப்பை வீட்டில் நிலையாக வைத்திருப்பது, படிக்கும் நேரத்தில் வீட்டுவேலை சொல்லாமல் இருப்பது, அன்று என்ன நடந்தது என்று காது கொடுத்துக் கேட்பது ஆகியவை பட்டம் தேவைப்படாத காரியங்கள்.

இங்கே நான் முன்னர் சொன்னதற்கு ஒரு விலக்கையும் குறிப்பிட வேண்டும். தகவல் மட்டும் கொடுத்தே பலன் கண்ட ஆய்வு ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸில் பீட்டர் பெர்க்மன் நடத்திய சோதனையில், பிள்ளைகள் ஒப்படைக்காமல் விட்ட பாடவேலைகளின் பட்டியல், எந்தப் பக்கம், எந்தக் கணக்கு என்பது வரை பெற்றோருக்குக் குறுஞ்செய்தியாகவும் தொலைபேசி மூலமாகவும் சொல்லப்பட்டது. மதிப்பெண்கள் உயர்ந்தன. பெற்றோர் அதுவரை பிள்ளையின் முயற்சியைப் பற்றி உண்மை நிலையைவிட நல்ல எண்ணம் வைத்திருந்தார்கள். செய்தி குறிப்பாக இருந்தது. அதைப் பெற்றவர் அன்று மாலையே செயல்படக்கூடியவராகவும் இருந்தார். உங்கள் பிள்ளை படிப்பில் கவனம் செலுத்த வேண்டும் என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதி அனுப்பும் வழக்கமான வாக்கியத்தால் இதைச் செய்ய முடியாது.

தனிப்பயிற்சி, வழிகாட்டி ஆகிய இரண்டைப் பற்றியும் கொஞ்சம். தனிப்பயிற்சி பலன் தரும் என்பதில் ஐயம் இல்லை. 96 சோதனைகளைத் தொகுத்து 2020-இல் வெளியான ஆய்வு அதை உறுதிப்படுத்துகிறது. அதே தொகுப்பில், பள்ளி நேரத்துக்குள்ளேயே நடத்தப்படும் பயிற்சி, மாலையில் நடத்தப்படுவதைவிட அதிகப் பலன் தந்தது. காரணம் எளிது. மாலையில் யாருக்கு அது மிகவும் தேவையோ அவர்தான் வேலைக்கோ, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவோ போயிருப்பார். வழிகாட்டித் திட்டங்களில் அமெரிக்காவின் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பைப் பற்றி 1995-இல் வெளியான மதிப்பீடு பெரிதும் பேசப்படுகிறது. வழிகாட்டி கிடைத்த சிறுவர்கள் பள்ளிக்கு மட்டம் போட்ட நாள்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. அதே தரவுகளைப் பின்னர் பிரித்துப் பார்த்த ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002-இல் சொன்னது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஓர் ஆண்டும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளால்தான் பெரும் நன்மை விளைந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன உறவுகளால் சிறுவர்களின் தன்மதிப்பு குறையவே செய்தது. வாரம் ஒருமுறை வருவதாகச் சொல்லி இரண்டு முறை வந்துவிட்டுக் காணாமல் போகும் தன்னார்வலர், வராமலே இருந்திருக்கலாம்.

நீண்ட விடுமுறைகளைப் பற்றியும் ஒரு சொல். பால்டிமோரில் 1982 முதல் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, பள்ளி நடக்கும் மாதங்களில் வசதியுள்ள பிள்ளைகளும் வசதியற்ற பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் முன்னேறுகிறார்கள், கோடை விடுமுறையில்தான் இடைவெளி விரிகிறது என்று காட்டியது. மிக அழகான முடிவு. அதனாலேயே எல்லா இடங்களிலும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அண்மைக் காலத் தேர்வு முறைகளைக் கொண்டு பால் வான் ஹிப்பல் மறுபடி பார்த்தபோது அதே அளவில் அந்த முடிவு கிடைக்கவில்லை. இடைவெளியின் பெரும்பகுதி பள்ளியில் சேர்வதற்கு முன்பே உருவாகிவிடுகிறது என்பதே தெளிவாகத் தெரிந்தது. அதைத்தான் மிச்சிகனில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி முன்பருவப் பள்ளிச் சோதனையும் சுட்டியது. பங்கேற்ற 123 பிள்ளைகளில் திட்டத்துக்குள் சேர்க்கப்பட்ட 58 பேரின் வீட்டுக்கு ஆசிரியர் வாரந்தோறும் சென்று தாயுடன் சேர்ந்து பணியாற்றினார். அறிவுத்திறன் சோதனையில் கிடைத்த கூடுதல் மதிப்பு சில ஆண்டுகளில் மறைந்துவிட்டது. ஆனால் அவர்களில் 65 சதவீதத்தினர் பள்ளிப் படிப்பை முடித்தார்கள். திட்டத்துக்கு வெளியே இருந்தவர்களில் 45 சதவீதத்தினரே முடித்தார்கள். எண்ணிக்கை சிறியது என்பதை மறக்காமல் இதைப் படிக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்தின் வலுவான சான்றையும் வைப்பதே நேர்மை. நியூயார்க்கின் ஹார்லெமில் ஜெஃப்ரி கனடா என்பவர் உருவாக்கிய அமைப்பு, குழந்தை பிறப்பதற்கு முன்பிருந்து கல்லூரி வரை குடும்பங்களுக்கு எல்லா ஆதரவும் தருவதோடு, தனக்கென்று பள்ளிகளையும் நடத்தியது. வில் டோபியும் ரோலண்ட் ஃபிரையரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்தப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் பெரிதும் முன்னேறினார்கள். அந்த வட்டாரத்துக்கு வெளியே இருந்து வந்து, சுற்றுப்புறச் சேவைகள் கிடைக்காத பிள்ளைகளும் அதே அளவு முன்னேறினார்கள். சேவைகள் மட்டும் கிடைத்து, அந்தப் பள்ளிகளில் இடம் கிடைக்காதவர்களிடம் மதிப்பெண் உயர்வு காணப்படவில்லை. வெளி ஆதரவே போதும் என்று வாதிடுகிறவர்கள் இதற்கு விடை சொல்லியாக வேண்டும். என் விடை இது: அந்தப் பள்ளிகள் நீண்ட பாடநாள், பயிற்சி, மருத்துவம், மாணவரை நன்கு அறிந்த பெரியவர்கள் ஆகிய பலவற்றைப் பள்ளிக்குள்ளேயே கொண்டுவந்திருந்தன. ஆகவே ஆதரவு எந்தக் கட்டடத்தில் நடக்கிறது என்பதைவிட, கற்பித்தலோடு அது எவ்வளவு நெருக்கமாகப் பின்னப்பட்டிருக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். பணமும் ஆட்களும் குறைவாக உள்ள நிறுவனம் புதிய திட்டம் எதையும் அறிவிக்காமல், வருகைப்பதிவேட்டில் இருந்து தொடங்கலாம். தொடர்ந்து வராதவர்கள், அடிக்கடி தாமதமாக வருபவர்கள், கட்டணம் செலுத்தாதவர்கள், கடந்த தேர்வில் திடீரென்று சரிந்தவர்கள் ஆகியோரின் பெயர்களை ஒரே தாளில் எழுதினால், இரண்டு மூன்று காரணங்களுக்காகத் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் தாமாகவே தெரியும். அவர்களில் ஒவ்வொருவருக்கும் ஆசிரியரோ, நூலகரோ, அலுவலகப் பணியாளரோ, பெயர் குறிப்பிட்ட ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். குழு பொறுப்பேற்பது என்றால் யாரும் பொறுப்பேற்கவில்லை என்றே பொருளாகிவிடுகிறது. பொறுப்பேற்றவர் அறிவுரை சொல்லாமல், என்ன தடை என்று கேட்டு, தன்னால் முடிந்ததைத் தானே செய்து முடிக்க வேண்டும்: படிவமாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பி அனுப்புவது, கண்ணாக இருந்தால் பரிசோதனைக்கு அழைத்துப் போவது, வீட்டில் இடம் இல்லையென்றால் பள்ளி முடிந்து இரண்டு மணி நேரம் ஓர் அறையைத் திறந்து வைப்பது.

பொருளாகத் தருபவற்றை இயன்றவரை எல்லோருக்கும் பொதுவாகத் தர வேண்டும். வறியவர் என்று பெயர் வாசித்து அழைத்துக் கொடுத்தால், தேவைப்படுகிறவரே கூச்சத்தால் ஒதுங்கிக்கொள்வார். தனியாகத் தந்தே ஆக வேண்டியவற்றை மற்றவர் அறியாமல் தர வேண்டும். மூன்று மாதம் கழித்துப் பரிசீலிக்கும்போது எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை பேர் கையொப்பமிட்டார்கள் என்ற கணக்கு வேண்டாம். தாளில் இருந்த ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதியிருந்த தடை நீங்கிவிட்டதா, இல்லையா என்பதை மட்டும் பாருங்கள். நீங்காதவற்றில் ஒரே தடை பல பெயர்களுக்கு எதிரே இருந்தால், நிதியை ஒதுக்க வேண்டிய இடம் அதுதான்.